துணைக்கு ஒரு பெண்

வேலப்பன்சாவடியில் இறங்கி ஷேர் ஆட்டோ பிடித்துத் திருவேற்காட்டுக்குப் போகிற வழியில் ஒரு ஃபிளெக்ஸ் பேனர் பார்த்தேன். ஆடி மாதம். கருமாரியம்மன் சிரிக்கிறாள், கட்சிக்காரர்கள் கும்பிடுகிறார்கள், மஞ்சள் காது குத்து விழாக்காரர்கள் வரவேற்கிறார்கள். அவர்களுக்கு நடுவே ஒரு கல்லூரியின் பேனர். பெண்கள் கால்பந்தில் கோப்பை வென்றதற்கு வாழ்த்து. கோர்ட் எத்தனை முறை திட்டினாலும் ஃபிளெக்ஸ் வைக்கிறவர்கள் வைக்கத்தான் செய்கிறார்கள். அது வேறு கதை.

அந்த பேனரில் தாளாளர் ஆளுயரத்துக்கு இருந்தார். முதல்வர் இடுப்புயரம். உடற்கல்வி இயக்குநர் பாஸ்போர்ட் சைஸ். கோப்பை ஜெயித்த பதினெட்டுப் பெண்களும் சேர்ந்து ஒரு தபால்தலை. அந்தத் தபால்தலையின் வலது ஓரத்தில், ஒரு பெண்ணின் தோளில் ஒரு கை கிடந்தது. கை மட்டும். கையில் கறுப்புக் கயிறு போட்ட விசில். அந்தக் கைக்குச் சொந்தக்காரரை போட்டோஷாப்பில் வெட்டிவிட்டார்கள்.

அந்தக் கையைத்தான் நான் பார்க்கப் போய்க்கொண்டிருந்தேன். நண்பர் ஒருவர் மூலம் நாலு நாள் முன்புதான் அறிமுகம். கோயில் பக்கத்து டீக்கடையில் காத்திருந்தார். பூந்தமல்லிக்கும் ஆவடிக்கும் அம்பத்தூருக்கும் இடையில், பெருமூச்சு விட்டால் ஏதாவது ஒரு கல்லூரிச் சுவரில் மோதும் அளவுக்குக் கல்லூரிகள் இருக்கின்றன. அவற்றில் ஒன்றில் பெண்கள் கால்பந்து அணிக்கு உதவிப் பயிற்சியாளர். எந்தக் கல்லூரி என்று எழுதப் போவதில்லை. "பேரும் வேண்டாம் சார், அடுத்த மாசம் ரின்யூவல்" என்றார். ஆகவே பேரும் இல்லை.

வயது முப்பத்து நாலு. கடலூர்ப் பக்கம். ஜூனியர் பிரிவில் மாநில அணிக்கு ஆடியவர். எம்.பி.எட். முடித்திருக்கிறார். சொந்தக் காசில் இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பின் 'டி' லைசென்ஸ், அதற்கப்புறம் 'சி' லைசென்ஸ். ஒன்பது வருடமாக ஒரே வேலை. முதல் வருடம் என்ன பதவியோ, ஒன்பதாவது வருடமும் அதே பதவி. சம்பளம் பன்னிரண்டாயிரம், அதுவும் பத்து மாதத்துக்கு. ஏப்ரல், மே இரண்டு மாதம் கல்லூரி லீவு, ஆகவே இவருக்கும் சம்பளம் லீவு. அந்த இரண்டு மாதமும் அயப்பாக்கத்தில் சின்னப் பிள்ளைகளுக்கு சம்மர் கேம்ப் நடத்திச் சமாளிக்கிறார்.

"தலைமைப் பயிற்சியாளர் யாரு?"

"பி.டி. சார்தான்."

"அவர் கால்பந்து ஆடினவரா?"

"இல்ல சார், கபடி. ரொம்ப நல்லவர். அவருக்குப் பதினாலு கேம் பாக்கணும். பாவம், கையெழுத்துப் போடவே டைம் இல்ல."

இதில் நையாண்டி எதுவும் இல்லை. நிஜமாகவே பாவப்பட்டுத்தான் சொன்னார். நானும் அந்த பி.டி. சாரை வில்லனாக்கப் போவதில்லை. வில்லன் வேறு இடத்தில் இருக்கிறார், வருகிறேன்.

இவருடைய ஒரு நாளைக் கேட்டேன். காலை ஐந்தே காலுக்கு வீட்டை விட்டுக் கிளம்பி, ஆறு மணிக்கு கிரவுண்டில் கோன் வைக்கிறார். எட்டு மணிக்குப் பிள்ளைகளுக்கு ஆளுக்கு இரண்டு வாழைப்பழம், ஒரு அவித்த முட்டை. முட்டைக்கான பில்லை பன்னிரண்டு நாளைக்கு ஒரு தரம் ஆபீஸில் கொடுத்தால், அந்த மாதத்துக்குள் பணம் வரலாம். அதற்கப்புறம் துறைத்துறையாக ஏறி இறங்கி, மேட்ச்சுக்குப் போன பெண்களுக்கு ஓ.டி. போட்டுத் தாருங்கள் என்று பேராசிரியர்களிடம் கெஞ்சல். (ஓ.டி. என்றால் ஆன் டியூட்டி. வராத நாளை வந்ததாகக் கணக்கில் எடுப்பது.) மாலையில் மறுபடி கிரவுண்ட். ராத்திரி அம்மாக்களின் போன். "எம் பொண்ணு கறுத்துப் போயிட்டா, இனிமே அனுப்ப மாட்டேன்" என்கிற போனுக்கு மட்டும் வாரத்துக்கு மூன்று முறை பதில் சொல்கிறார்.

வெளியூர் போட்டி என்றால் வேலை இன்னும் கூடும். அன்ரிசர்வ்டு பெட்டியில் பதினெட்டுப் பெண்கள், இரண்டு மூட்டை பந்து, ஃபர்ஸ்ட் எய்ட் பாக்ஸ். தங்குகிற இடத்தில் தாழ்ப்பாள் சரியாக இருக்கிறதா, பாத்ரூமில் தண்ணீர் வருகிறதா என்று முதலில் போய்ப் பார்ப்பது இவர். நாப்கின் வாங்குவது இவர், இவர் காசில். "அதுக்கு பில் வெச்சா ஆபீஸ்ல ஜென்ட்ஸ் ஸ்டாஃப் கையில போகும் சார், பிள்ளைங்க கூச்சப்படும்." ஆட்டம் தொடங்குகிறபோது பி.டி. சார் வந்து பெஞ்சில் உட்காருவார். ஸ்கோர் ஷீட்டில் 'கோச்' என்ற இடத்தில் அவர் கையெழுத்து. யாரை இறக்குவது, யாரை மாற்றுவது என்று பின்னாலிருந்து சொல்வது இவர். ஷீட்டில் இவருக்கு ஒரு கட்டம் இருக்கிறதா என்றேன். இருக்கிறதாம்.

"மேனேஜர்னு போடுவாங்க. இல்லேன்னா லேடி எஸ்கார்ட்."

லேடி எஸ்கார்ட். அதாவது பெண்துணை. விஷயம் இங்கேதான் இருக்கிறது. துணைப் பயிற்சியாளர் என்று நாம் நினைத்துக்கொண்டிருப்பவரை, நிர்வாகம் துணைக்குப் போகும் பயிற்சியாளர் என்றுகூட நினைக்கவில்லை. துணைக்குப் போகிறவர், அவ்வளவுதான். அக்கா தங்கை சினிமாவுக்குப் போனால் கூட ஒரு அத்தையை அனுப்புவார்கள் அல்லவா, அந்த வேலை.

இதற்கு ஒரு பின்னணி உண்டு. 2022 ஜூனில், பெண் சைக்கிள் வீராங்கனை ஒருவர் வெளிநாட்டுப் பயிற்சி முகாமில் தன் பயிற்சியாளரால் நேர்ந்ததைப் புகாராகக் கொடுத்தபின், இந்திய விளையாட்டு ஆணையம் ஓர் உத்தரவு போட்டது. பெண்கள் பங்கேற்கும் அணி எங்கே பயணம் போனாலும் ஒரு பெண் பயிற்சியாளர் கட்டாயம் கூடப் போக வேண்டும் என்று. அதே மாதத்தில்தான், ஐரோப்பாவில் பயணத்தில் இருந்த 17 வயதுக்குட்பட்ட இந்தியப் பெண்கள் கால்பந்து அணியின் உதவிப் பயிற்சியாளரான ஓர் ஆண், பாலியல் ரீதியில் தவறாக நடந்துகொண்டார் என்ற புகாரில் பாதியில் திருப்பி அனுப்பப்பட்டு, ஜூலையில் பதவி நீக்கமும் செய்யப்பட்டார். உலகக் கோப்பை அக்டோபரில் நம் நாட்டிலேயே நடக்க இருந்த நேரம் அது.

உத்தரவு நல்ல உத்தரவு. ஆனால் நம் ஊரில் ஒரு நல்ல உத்தரவு மேலேயிருந்து கீழே இறங்கி வருவதற்குள் எப்படி உருமாறும் தெரியுமா? "பெண் பயிற்சியாளர் வேண்டும்" என்பது, கல்லூரி கேட்டுக்கு வருவதற்குள் "ஒரு லேடி ஸ்டாஃப் கூடப் போனாப் போதும்" என்றாகிவிட்டது. பயிற்சி போய்விட்டது, லேடி மட்டும் மிச்சம். பல இடங்களில் லைப்ரரி மேடத்தை அனுப்பிவிடுகிறார்கள். கால்பந்து தெரிந்தவரை அனுப்புகிற கல்லூரி உயர்ந்த கல்லூரி என்றுதான் சொல்ல வேண்டும். ஆனால் அவருக்கும் சம்பளம் லேடிக்குத்தான், லைசென்ஸுக்கு இல்லை.

நான் பி.காம். படித்தவன். டெபிட், கிரெடிட் தவிர உலகத்தில் வேறொன்றும் எனக்கு உருப்படியாகத் தெரியாது. ஆகவே அவரிடம் ஒரு கேள்வி கேட்டேன். "உங்க சம்பளத்தை எந்தத் தலைப்புல எழுதறாங்க?"

அவருக்கு அது தெரிந்திருந்தது. வவுச்சரில் கையெழுத்துப் போடுகிறாரே. "இதர செலவு, சார்."

சாக்பீஸ், ஃபினாயில், விருந்தினர் வந்தால் வாங்கும் பாதாம் பால், மற்றும் ஒரு கால்பந்துப் பயிற்சியாளர். இதர செலவு. கணக்கெழுதும்போது ஒன்று சொல்லித் தருவார்கள்: இந்த வருடமே தீர்ந்துபோவது செலவு, அடுத்த வருடத்துக்கும் பயன் தருவது சொத்து. ஒன்பது வருடமாகப் பயன் தருகிறவரைச் செலவில் எழுதுவது எந்த ஆடிட்டர் சொல்லிக்கொடுத்த கணக்கு?

இன்னொரு கணக்கு. எல்லாக் கல்லூரியிலும் கட்டண ரசீதில் 'விளையாட்டு' என்று ஒரு வரி இருக்கும். உங்கள் மகள் படிக்கிற கல்லூரி ரசீதை எடுத்துப் பாருங்கள், இருக்கும். ஒரு பேச்சுக்கு வருடத்துக்கு நானூறு ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். மூவாயிரம் மாணவிகள் என்றால் பன்னிரண்டு லட்சம். இவருடைய வருடச் சம்பளம் ஒரு லட்சத்து இருபதாயிரம். அதாவது பத்தில் ஒரு பங்கு. மீதி எங்கே போகிறது என்று நான் கேட்கவில்லை. பந்து வாங்கியிருக்கலாம், வலை வாங்கியிருக்கலாம், கிரவுண்டில் கல் பொறுக்கியிருக்கலாம். ஆனால் அந்தக் கணக்கை ஒரு தாளில் எழுதி நோட்டீஸ் போர்டில் ஒட்ட ஒரு குண்டூசிக்கு மேல் செலவாகாது. ஏன் ஒட்டுவதில்லை?

திருவேற்காட்டுக்கும் விளையாட்டுக்கும் ஒரு பழைய சம்பந்தம் இருக்கிறது. அறுபத்து மூன்று நாயன்மாரில் ஒருவரான மூர்க்க நாயனார் இந்த ஊர்க்காரர். அடியார்களுக்குச் சோறு போட்டே சொத்தெல்லாம் தீர்ந்துபோக, சூதாடிச் சம்பாதித்துச் சோறு போட்டவர். முதல் ஆட்டத்தைத் தோற்றுக்கொடுத்து, அடுத்தடுத்த ஆட்டங்களில் அள்ளிவிடுவாராம். ஜெயித்த பணத்தைக் கொடுக்க மறுத்தவரைச் சுரிகையை எடுத்துக் குத்திவிடுவாராம், அதனால்தான் மூர்க்கர். ஆடிப் பிழைத்தவர், ஆடியதற்கு உரிய கூலியை வாங்கத் தெரிந்தவர். அவர் ஊரில் இருந்துகொண்டு, நம்முடைய பயிற்சியாளர் பாக்கியுள்ள முட்டை பில்லுக்கு மூன்றாவது முறையாக விண்ணப்பம் எழுதிக்கொண்டிருக்கிறார். கத்தியை எடுக்கச் சொல்லவில்லை. சும்மா ஞாபகம் வந்தது.

சரி, இவர் ஏன் ஒழுங்கான வேலைக்குப் போகவில்லை? எல்லோரும் கேட்கிற கேள்வி. கல்லூரியில் விளையாட்டுக்கு என்று யுஜிசி அங்கீகரிக்கும் உருப்படியான பதவி வரிசை ஒன்றுதான், உடற்கல்வி இயக்குநர். 2018-ஆம் வருட விதிகளின்படி முதுகலையில் 55 சதவீதம், அதற்கு மேல் நெட் அல்லது செட் அல்லது பி.எச்டி. உடல் தகுதித் தேர்வும் உண்டு: முப்பது வயது வரை உள்ள ஆண் 12 நிமிடத்தில் 1800 மீட்டர், பெண் 8 நிமிடத்தில் 1000 மீட்டர். உதவிப் பேராசிரியருக்குச் சமமாக 57,700 ரூபாய் அடிப்படைச் சம்பளத்தில் தொடங்குகிறது. நியாயமான பதவி. ஆனால் அது பயிற்சியாளர் பதவி அல்ல, நிர்வாகப் பதவி. கால்பந்துப் பயிற்சியாளர் என்று அதேபோல ஒரு படிக்கட்டு கிடையாது. உதவிப் பயிற்சியாளர், பயிற்சியாளர், தலைமைப் பயிற்சியாளர் என்று ஏறிப்போக வழி இருந்தால்தானே அதற்குப் பெயர் உத்தியோகம். இது படிக்கட்டே இல்லாத மொட்டை மாடி. ஒன்பது வருடம் முன்பு ஏணி வைத்து ஏற்றிவிட்டார்கள். ஏணியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

அரசு வேலையில் சாதனை படைத்த விளையாட்டு வீரர்களுக்கு மூன்று சதவீத ஒதுக்கீடு தமிழ்நாட்டில் இருக்கிறது. பாராட்ட வேண்டும். ஆனால் அது ஆடினவருக்கு, ஆட வைத்தவருக்கு அல்ல.

ஆட வைத்தால் என்ன நடக்கும் என்பதற்கும் தமிழ்நாட்டிலேயே சாட்சி இருக்கிறது. 2018 பிப்ரவரியில் கட்டாக்கில் தேசிய சீனியர் பெண்கள் கால்பந்து இறுதி ஆட்டம். எதிரே மணிப்பூர். அந்தப் போட்டியைத் தன் வீட்டுச் சொத்து மாதிரி வருடா வருடம் வென்றுவந்த மாநிலம். தமிழ்நாடு 2-1 என்று ஜெயித்தது, முதல் முறையாக. 2019-ல் மதுரையைச் சேர்ந்த சேது எஃப்.சி. லூதியானாவில் இந்தியப் பெண்கள் லீக் கோப்பையை வென்றது. 2023 ஜூனில் அமிர்தசரஸில் ஹரியானாவை 2-1 என்று வீழ்த்தி மறுபடியும் தேசிய சாம்பியன். இந்த அணிகளில் இருந்த இந்துமதி கதிரேசனும் சந்தியா ரங்கநாதனும் கடலூர் மாவட்டத்துக்காரர்கள். இந்தியாவுக்கு ஆடியவர்கள். இந்துமதி தமிழ்நாடு காவல்துறையில் சப் இன்ஸ்பெக்டர். 2020 லாக்டவுனில் சென்னையில் ரோட்டில் நின்று டியூட்டி பார்த்தார். தேசிய அணியின் நடுக்கள வீராங்கனை, முகக்கவசம் போடாத பைக்காரர்களை மடக்கிக்கொண்டிருந்தார்.

காவல்துறை வேலை கௌரவமான வேலை, சந்தேகமே இல்லை. ஆனால் யோசித்துப் பாருங்கள். இந்தியாவுக்கு ஆடிய ஒரு பெண் தமிழ்நாட்டில் தன் ஆட்டத்தை வைத்துப் பிழைக்க வேண்டுமானால் கால்பந்துக்கு வெளியேதான் வேலை தேட வேண்டும். கால்பந்துக்கு உள்ளேயே வேலை வேண்டுமென்றால்? பன்னிரண்டாயிரம், பத்து மாதம், இதர செலவு.

நாம் சினிமாவில் மட்டும் தாராளமானவர்கள். 2019 தீபாவளிக்கு 'பிகில்' வந்தபோது பெண்கள் கால்பந்து அணிக்காகத் தமிழ்நாடே விசிலடித்தது. தலைமைப் பயிற்சியாளர் விஜய். அவருக்கு முன் பயிற்சியாளராக வருபவரும் ஆண். 'இறுதிச்சுற்று' பாக்ஸிங், பயிற்சியாளர் மாதவன். இயக்கியவர் ஒரு பெண். 'கனா' கிரிக்கெட், பயிற்சியாளர் சிவகார்த்திகேயன். இந்தியில் 'சக் தே இந்தியா', ஷாருக் கான். எல்லாம் நல்ல படங்கள்தான். நானும் கண் கலங்கியிருக்கிறேன். ஆனால் நம் மனதில் ஒரு சித்திரம் உட்கார்ந்துவிட்டது. பெண் ஆடுவாள், ஆண் சொல்லித்தருவான். சொல்லித்தருகிற பெண்ணைக் கற்பனை செய்து பார்க்கக்கூட நம் ஹீரோக்களின் கால்ஷீட் இடம் தருவதில்லை.

நிஜத்தில் இருக்கிறார்கள். கோவாவைச் சேர்ந்த மேமோல் ராக்கி தேசிய அணியின் உதவிப் பயிற்சியாளராக இருந்து, பிறகு தலைமைப் பயிற்சியாளர் ஆனவர். இந்திய சீனியர் பெண்கள் அணிக்கு முதல் பெண் தலைமைப் பயிற்சியாளர். அவர் காலத்தில் 2019-ல் தெற்காசிய சாம்பியன்ஷிப்பும், அதே வருடம் தெற்காசிய விளையாட்டில் தங்கமும் வந்தன. 2021-ல் சொந்தக் காரணம் சொல்லி விலகினார். அவருக்கு அப்புறம் 2025 வரை அந்த நாற்காலியில் உட்கார்ந்தவர்களை எண்ணினேன். 2024-ல் சிறிது காலம் மணிப்பூரின் லங்கம் சாவோபா தேவி. அவர் தவிர மற்றவர் எல்லோரும் ஆண்கள்.

கேரளத்தின் பி.வி. பிரியாவை எடுத்துக்கொள்ளுங்கள். 2020 பிப்ரவரியில் பெங்களூரில் கோகுலம் கேரளா இந்தியப் பெண்கள் லீக்கை வென்றபோது அவர்தான் தலைமைப் பயிற்சியாளர். 2025 ஜூலையில் சியாங் மாய் நகரில் இந்தியா, தாய்லாந்தை அதன் சொந்த மண்ணில் 2-1 என்று தோற்கடித்து, தகுதிச் சுற்று வழியாக முதல் முறையாக ஆசியக் கோப்பைக்குள் நுழைந்தது. அப்போது தலைமைப் பயிற்சியாளர் கிறிஸ்பின் செத்ரி, உதவிப் பயிற்சியாளர் பிரியா. தேசிய அணியில் உதவி என்பது தாழ்வில்லை. அங்கே அது ஒரு நிஜமான வேலை, அறிவிப்பில் பெயர் வருகிறது, போட்டோவில் முகம் வருகிறது. நம் கல்லூரிகளில் அந்தச் சொல்லுக்கு வேறு அர்த்தம், அவ்வளவுதான்.

வெளிநாட்டுக் கதை ஒன்று. நெதர்லாந்தில் சரீனா வீக்மன் என்று ஒருவர். ஹேக் நகரில் பள்ளி உடற்கல்வி ஆசிரியை. நம் பி.டி. டீச்சர் மாதிரியேதான். 2014-ல் தேசியப் பெண்கள் அணிக்கு உதவிப் பயிற்சியாளர். 2017 ஜனவரியில் தலைமைப் பயிற்சியாளர். அதே வருடம் ஐரோப்பியக் கோப்பை. பிறகு இங்கிலாந்து அணிக்குப் போய் 2022-ல் ஒன்று, 2025-ல் இன்னொன்று. மூன்று ஐரோப்பியக் கோப்பை வாங்கிய இந்தம்மா திருவேற்காட்டுப் பக்கம் பிறந்திருந்தால், இந்நேரம் ஓ.டி. ஃபாரத்தோடு கெமிஸ்ட்ரி டிபார்ட்மென்ட் வாசலில் நின்றிருப்பார்.

அங்கேயும் எல்லாம் தேனும் பாலும் என்று நினைக்க வேண்டாம். அமெரிக்காவில் கல்லூரி விளையாட்டு என்பது பெரிய வியாபாரம். பெண்கள் சாக்கர் அணி ஒன்றில் உதவிப் பயிற்சியாளர் என்றால் முழுச் சம்பள உத்தியோகம். வட கரோலினா பல்கலைக்கழகத்தில் தலைமைப் பயிற்சியாளர் 2024-ல் ஓய்வு பெற்றதும், உதவிப் பயிற்சியாளரைத் தற்காலிகமாகத் தூக்கி உட்காரவைத்தார்கள். அந்த வருடமே தேசிய சாம்பியன். ஏணி என்றால் அப்படி இருக்க வேண்டும். ஏறியவர் ஆண் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

ஏன் சொல்கிறேன் என்றால், 1972-ல் 'டைட்டில் நைன்' என்ற சட்டம் அங்கே வந்தது. ஆண்களுக்குச் சமமாகப் பெண்களுக்கும் கல்லூரி விளையாட்டில் வாய்ப்புத் தர வேண்டும் என்று. ஆடுகிற பெண்கள் பல மடங்கு பெருகினார்கள். ஆனால் சட்டத்துக்கு முன் பெண்கள் அணிகளில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் பெண் பயிற்சியாளர்கள். 2014-ல் எண்ணிப் பார்த்தபோது ஏறக்குறைய நாற்பத்து மூன்று. காரணம் எளிமை. முன்பு சம்பளம் இல்லை, ஆகவே பெண்கள் செய்தார்கள். சம்பளம் வந்தது, ஆண்களும் விண்ணப்பம் போட்டார்கள். 2023 பெண்கள் உலகக் கோப்பைக்கு வந்த 32 அணிகளில் 12-க்குத்தான் பெண் தலைமைப் பயிற்சியாளர்.

இது நமக்கும் நடக்கும். பெண்கள் கால்பந்துக்கு நம் ஊரில் காசு வர ஆரம்பித்திருக்கிறது. லீக், ஸ்பான்சர், டி.வி. என்று மெதுவாக வருகிறது. காசு முழுசாக வந்து சேருகிற நாளில், இத்தனை வருடம் முட்டை அவித்தவர்களை ஓரமாக நிற்கச் சொல்லிவிட்டு, கூலிங்கிளாஸ் போட்ட ஒரு சார் வந்து இறங்குவார். அப்போது போய் "ஐயோ, பெண் பயிற்சியாளர்களே இல்லையே" என்று செமினார் நடத்துவோம். தலைமை விருந்தினர் அதே சார்.

ஒரு தாளாளருக்கு போன் செய்தேன். அந்தக் கல்லூரியின் தாளாளர் அல்ல. அதே வட்டாரத்தில் எனக்குத் தெரிந்த இன்னொருவர். ஒளிவுமறைவில்லாத மனிதர். "பொம்பளப் பிள்ளைங்க மூணு வருஷம் ஆடும், கல்யாணம் பண்ணிட்டுப் போயிடும். கோச்சும் அப்படித்தான். எதுக்கு சார் பர்மனென்ட் பண்ணணும்?" என்றார்.

பி.காம். படிக்கிற பெண்ணும் மூன்று வருடம் படித்துவிட்டுப் போய்விடுகிறாள். அதற்காக பி.காம். பேராசிரியரை யாரும் இதர செலவில் எழுதுவதில்லை. மாணவர்கள் போய்க்கொண்டேதான் இருப்பார்கள், அதற்குத்தான் கல்லூரி. இருக்க வேண்டியவர் ஆசிரியர். அவர் இருக்கும்படியாக நடத்துகிறீர்களா என்பதுதான் கேள்வி. நம் திருவேற்காட்டுக்காரர் கல்யாணம் ஆகி, குழந்தை பெற்று, ஐந்தாம் மாதத்தில் அதைத் தூக்கிக்கொண்டு கிரவுண்டுக்கு வந்தவர். மகப்பேறு விடுப்பு தந்தார்களா என்று கேட்டேன். சிரித்தார். "குழந்தை ஏப்ரல்ல பொறந்துச்சு சார். லக்."

அந்தத் தாளாளர் இன்னொன்றும் சொன்னார், அதையும் எழுதிவிட வேண்டும். "நாக் கமிட்டி வர்றப்போ ஸ்போர்ட்ஸ் மெடல் எவ்வளவுன்னு கேக்கறான். கோச்சுக்கு என்ன குடுக்கறேன்னு எவனும் கேக்கலை. கேட்டா குடுப்பேன்." இதுதான் நான் தேடிக்கொண்டிருந்த வில்லன். மெடலுக்கு மார்க் உண்டு, மெடல் வாங்க வைத்தவருக்கு மார்க் இல்லை. கல்லூரிகளை வரிசைப்படுத்துகிற அதிகாரிகளும், இணைப்பு கொடுக்கிற பல்கலைக்கழகங்களும், போட்டி நடத்துகிற சங்கங்களும் ஒரே ஒரு வரி சேர்த்தால் போதும். பெண்கள் அணியை அனுப்புகிற கல்லூரி, லைசென்ஸ் உள்ள பெண் பயிற்சியாளரின் பெயர், பதவி, பன்னிரண்டு மாதச் சம்பளச் சீட்டு இவற்றை நுழைவுப் படிவத்தோடு இணைக்க வேண்டும். இல்லையென்றால் டீம் மைதானத்துக்குள் வர முடியாது. பிறப்புச் சான்றிதழ் இல்லையென்று எத்தனை பெண்களைத் திருப்பி அனுப்பியிருக்கிறீர்கள். ஒரு தரம் தாளாளரையும் திருப்பி அனுப்பிப் பாருங்களேன்.

உடனே ஒரு குரல் கேட்கும்: அப்படிச் செய்தால் கல்லூரிகள் பெண்கள் அணியையே கலைத்துவிடும். சில கல்லூரிகள் கலைக்கத்தான் செய்யும். இதற்குப் பதில் என்னிடம் முழுசாக இல்லை. ஆனால் ஒரு பெண்ணின் அரை வயிற்றுச் சம்பளத்தில்தான் பதினெட்டுப் பெண்கள் பந்தாட முடியும் என்றால், அதை பேனரில் போட்டுப் பெருமைப்படாமலாவது இருக்கலாம்.

இந்தக் கட்டுரையை எழுதுவதற்கு முன், அந்த டீக்கடைப் பேச்சை விவரம் சொல்லாமல் ஒரு பல்கலைக்கழக நண்பரிடம் சொன்னேன். "பதவிப் பெயர் மாத்தறது பெரிய விஷயமில்ல. அந்தம்மாவை ஒரு ரெக்வெஸ்ட் லெட்டர் மட்டும் குடுக்கச் சொல்லுங்க" என்றார். உற்சாகமாகத் திருவேற்காட்டுக்கு போன் போட்டுச் சொன்னேன்.

"மூணு வருஷமா வருஷத்துக்கு ஒண்ணு குடுத்திருக்கேன் சார். காப்பி வேணுமா?"

வாங்கி வைத்திருக்கிறேன். மூன்றிலும் 'பெறப்பட்டது' என்று சீல் இருக்கிறது. தேதி இல்லை.